நாலாம் நம்பர் கார்டுல ஒரு நாற்காலி

"ஒட்டு வேலையெல்லாம் இல்லீங்க மேடம், கம்ப்யூட்டர்ல ஏத்துன படமும் இல்ல. அது என் சம்சாரம்."

சொல்லிக்கிட்டே வேலாண்டி மாஸ்டர் பாய்லர் குழாயைத் திருகி, டீத்தூள் துணிக்குள்ள வெந்நிய விட்டாரு. "பேரு சிட்டம்மா. போன ஆவணி மாசம் ஒரு வியாழக்கிழமை, மூணு மணி டீக்கு வந்தவ அப்படியே உள்ள போயிட்டா. இன்னும் வரல. உக்காருங்க, டீ குடிச்சிட்டே பேசுவோம்."

கேட்ட அம்மா பேரு பார்கவி. கோயமுத்தூர்க்காரங்க. பழைய தபால் கார்டு சேக்கறவங்க, அதுலயும் மலை ஊருங்கள்ல வெள்ளக்காரன் காலத்துல இருந்த டீ ரூம் படம் போட்ட கார்டுன்னா சோறு தண்ணி வேண்டாம்ங்கற ஆளு. பத்து வருசத்துக்கு முன்னால வாங்கி ஆல்பத்துல சொருகி வச்ச சோலைமட்டம் கார்டு ஒண்ணை, இந்தக் கடைச் சுவத்துல தொங்கற அதே படம்தான், போன மாசம் எதுக்கோ எடுத்துப் பாத்திருக்காங்க. அதுவரைக்கும் காலியா கெடந்த ஒரு நாற்காலியில, சேலைக்கு மேல ஸ்வெட்டர் போட்டு, தலையில துண்டு கட்டின ஒரு பொம்பள ஒக்காந்திருக்கா. கண்ணாடிய மாத்திப் பாத்தாங்க, கண் டாக்டரையும் மாத்திப் பாத்தாங்க. அப்புறம் பஸ் ஏறி வந்துட்டாங்க.

வந்து எறங்கின எடமே சரியான எடம்தான். சோலைமட்டம் பஸ் ஸ்டாண்டு இருக்கற மேட்டுலதான் ஒரு காலத்துல ஹில்டான்னு ஒரு வெள்ளக்காரம்மா டீ ரூம் நடத்துச்சு. ஊருக்கு அது 'இல்டா ரூம்'. ஹில்டாம்மா செத்து, வெள்ளக்காரன் போயி, வருசா வருசம் மழை வந்து, கட்டடம் ஒவ்வொரு பக்கமா ஒக்காந்து, கடைசியில சமையக்கட்டுச் சுவர் ஒண்ணு மட்டும் விழறதுக்குச் சோம்பேறித்தனப்பட்டு நின்னுருச்சு. அந்தச் சுவத்துல முதுகைச் சாச்சுக்கிட்டு நிக்கறதுதான் வேலாண்டி மாஸ்டரோட டீக்கடை. அந்தச் சுவத்துலதான் ஒன்பது தபால் கார்டும் பிரேம் போட்டுத் தொங்குது. ரிட்டையரான போஸ்ட்மாஸ்டர் ஆபீஸ் பரண்ல கண்டெடுத்தது. தொப்பி போட்ட வெள்ளக்காரிகளை வீட்டுச் சுவத்துல மாட்ட அவரு வீட்டம்மா சம்மதிக்கல, அதனால கடைக்கு வந்துச்சு.

ஒண்ணாம் நம்பர் கார்டுல டீ ரூம் வாசலும் ரோசாச் செடியும். ரெண்டாவதுல குதிரை வண்டி. மூணாவதுல ஹில்டாம்மாவும் அதோட நாயும், ரெண்டுக்கும் ஒரே மொகச் சாடை. நாலாவதுலதான் உள் ஹாலு. ஆறு மேசை. அஞ்சுல கோழிக்கூடையைக் கவுத்து வச்ச மாதிரி தொப்பி போட்ட அம்மாமாருங்க, முன்னால ஆவி பறக்கற டீ. வலது ஓரத்துல தலைப்பாகையும் இடுப்புப் பட்டையும் கட்டி, தட்டு நெறைய டீ ஏந்தி, போட்டோக்காரனையே பாத்துக்கிட்டு நிக்கற ஒரு பேரர். ஜன்னலோரத்துல ஆறாவது மேசை, ஒரே ஒரு நாற்காலி, சாசர் மேல கவுத்து வச்ச ஒரு கப்பு. ஆளில்ல. நூறு வருசத்துக்கு மேலா ஆளில்ல.

சிட்டம்மா முப்பத்தி மூணு வருசம் எஸ்டேட்டுல கொழுந்து எடுத்தவ. பத்து மணிக்கு வாளியில தேத்தண்ணி வரும். நெரையில நின்னபடியே வாங்கி, நின்னபடியே ஊதி, நின்னபடியே குடிச்சு, டம்ளரைக் குடுத்துட்டுக் கையைச் செடிக்குள்ள விட்டுடணும். ஒக்காந்தா அரைப்பேருதான், அன்னைக்குப் பாதி நாளுதான் வேலை செஞ்சதா அர்த்தம். அப்படியே பழகி, ரிட்டையராகி முட்டி ரெண்டும் தேஞ்ச பொறவும், பத்து மணிக்கும் மூணு மணிக்கும் மேட்டுல இருக்கற எஸ்டேட்டு லயத்து வீட்டுல இருந்து எறங்கி வந்து, புருசன் கடையில இந்தச் சுவத்தோரமா நின்னுதான் டீ குடிப்பா. டீ குடுன்னு கேக்கவும் மாட்டா. வந்து நிப்பா. மாஸ்டர் எப்பப் பாக்கறாரோ அப்பக் குடுப்பாரு.

கடைக்கு யாரு வந்தாலும் "வாங்க, உக்காருங்க"ன்னுதான் மாஸ்டர் சொல்வாரு. டிரைவர் வந்தா, தாசில்தார் வந்தா, பிச்சைக்காரன் வந்தா, ஒருதரம் பசுமாடு ஒண்ணு தலைய நீட்டினப்பக் கூட வாய்ப் பழக்கத்துல "வாங்க, உக்காருங்க"ன்னுட்டாரு. சிட்டம்மாகிட்ட மட்டும் சொன்னதில்ல. மனசுல வஞ்சம் ஒண்ணும் கெடையாது. பாய்லர் நிக்குது, சுவர் நிக்குது, பொண்டாட்டி நிக்கறா, இதுல சொல்றதுக்கு என்ன இருக்குன்னு இருந்துட்டாரு.

அந்த வியாழக்கிழமை மூணு மணிக்கு மேட்டுப்பாளையம் பஸ்ஸும் கூடலூர் பஸ்ஸும் ஒண்ணா வந்து நின்னுச்சு. பதினஞ்சு டீ, ஆறு காப்பி, ஒருத்தனுக்குச் சக்கரை இல்லாம, ஒருத்தனுக்குச் சக்கரை மட்டும். அந்த நேரம் பாத்து சிட்டம்மா நாலாம் நம்பர் கார்டைப் பாத்துக்கிட்டே, "ஏங்க, இந்த நாற்காலி ஏன் சும்மாவே கெடக்கு?"ன்னா. மாஸ்டர் திரும்பாம, டீயை ஒரு கை ஒசரத்துக்கு இழுத்துக்கிட்டே, "சும்மா கெடந்தா நீ போயி ஒக்காந்துக்க"ன்னாரு.

கல்யாணமாகி அத்தன வருசத்துல அவரு அவளை ஒக்காரச் சொன்னது அந்த ஒருதரம்தான். அவளும் புருசன் சொல்லைத் தட்டறவ இல்ல.

பஸ் ரெண்டும் கெளம்பி, ஆவி அடங்கி, மாஸ்டர் திரும்பிப் பாத்தா, சுவத்தோரத்துல அவ ரப்பர் செருப்பு ரெண்டும் ஜோடியா கெடக்கு. பாதி குடிச்ச டம்ளரு பலகை மேல இருக்கு. நாலாம் நம்பர் கார்டுல, பாதி மொகம் தெரிய ஜன்னலைப் பாத்தபடி, பச்சை ஸ்வெட்டரும் செவப்புக் கண்ணாடி வளையலுமா சிட்டம்மா ஒக்காந்திருக்கா. சுத்தி எல்லாமே கருப்பட்டிக் கலரு, அவ மட்டும் கலரு.

"அப்புறம்?"ன்னாங்க பார்கவி.

"அப்புறம் என்ன, ஊரு வந்துச்சு."

ஊருன்னா மொதல்ல போலீசு. இன்ஸ்பெக்டர் பிரேமுக்கு முன்னால நின்னு தொப்பியக் கழட்டி வேர்வையத் தொடச்சாரு. "காணாமப் போனவங்கன்னா கண்ணுக்குத் தெரியக் கூடாதுய்யா. இந்தம்மா தெரியறாங்க. இதுக்கு எங்கிட்ட ஃபாரம் இல்ல"ன்னு சொல்லிட்டு ஒரு டீ குடிச்சிட்டுப் போயிட்டாரு. ரேசன் கடைக்காரரு கைரேகை மிசினை எடுத்துட்டு வந்து கண்ணாடி மேல வச்சாரு. மூணு தரம் முடியாதுன்ன மிசினு நாலாந்தரம் சரின்னுருச்சு, அதுக்கும் சலிச்சிருக்கும். ஓட்டு லிஸ்டு எடுக்க வந்த டீச்சரு, 'தற்போதைய முகவரி'ங்கற எடத்துல 'மேற்படி கடைச் சுவர்'னு எழுதி, போட்டோ தேவையில்லன்னு அடிச்சாங்க. மாரியம்மன் சப்பரம் வந்தப்ப பூசாரி கடை வாசல்ல ரெண்டு நிமிசம் நிப்பாட்டி, சிட்டம்மா பக்கமா அம்மனைத் திருப்பிக் காட்டினாரு. திருப்பூர்ல கம்பெனிக்குப் போற மக செல்லக்கிளி வந்து பிரேமைக் கட்டிப் புடிச்சு ரெண்டு நாளு அழுதா. மூணாம் நாளு லீவு முடிஞ்சு போச்சு. இப்ப ஞாயித்துக்கெழமை வீடியோ கால் போடறா, மாஸ்டர் போனைக் கார்டுக்கு நேராப் புடிச்சுக்கிட்டு நிப்பாரு.

பேசறது சிட்டம்மாவுக்குக் கேக்குதுன்னு கண்டுபுடிச்சது லயத்துப் பொம்பளைங்கதான். தெனம் பத்து மணிக்கு நாலஞ்சு பேரு எறங்கி வந்து, பிரேமுக்கு முன்னால வரிசையா நின்னு டீ குடிச்சுக்கிட்டே, யாரு வீட்டுல சண்டை, யாரு வீட்டுல சடங்கு, புது சூப்பர்வைசருக்கு அட்டை கடிச்ச எடம் எதுன்னு ஒண்ணு விடாமச் சொல்வாங்க. சிரிப்பு வந்தா கார்டுக்குள்ள அவ தோள்பட்டை ஒரு நூலு குலுங்கும். அவளுக்குச் சிநேகிதி தங்கப்பொண்ணு, "நானும் வர்றேன்டி, நகந்து ஒக்காரு"ன்னு நெத்தியால கண்ணாடிய முட்டிப் பாத்தா. நெத்தி வீங்கினது மட்டும்தான் மிச்சம். உசேன் டிரைவரு, "மாஸ்டர், உங்க டீ புடிக்காமத்தான் அண்ணி வேற கடைக்குப் போயிட்டாங்க"ன்னு கேலி பண்ணினாரு. மாஸ்டரும் சிரிச்சாரு. ஒரு மாசத்துல கூட்டம் கொறைஞ்சு போச்சு. எம்மாம் பெரிய அதிசயமா இருந்தாலும் பஸ் வர்ற நேரத்துக்கு பஸ் வரத்தான செய்யுது.

ஆனா மாஸ்டருக்கு ரெண்டு விசயம் தொண்டையில நின்னுச்சு.

ஒண்ணு, அவளுக்கு அங்க யாரும் டீ குடுக்கல. கவுத்து வச்ச கப்பு கவுத்து வச்சபடியே இருந்துச்சு. அதை நிமித்தவும் அவளுக்குத் தைரியம் வரல, கை ரெண்டையும் மடியில வச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தா. தட்டு நெறைய டீயோட நாலடி தூரத்துல நிக்கற பேரரு அவ பக்கம் திரும்பவே இல்ல.

ரெண்டாவது, அவ கலரு எறங்கிக்கிட்டே வந்துச்சு. ஐப்பசியில வளையல் செவப்பு போச்சு. மார்கழியில ஸ்வெட்டர் பச்சை போச்சு. அப்புறம் சேலைக் கரை, அப்புறம் மொகத்து மஞ்சள். விரல் நுனியில இருந்த கொழுந்துக் கறை மட்டும் மாறல, அது எப்பவுமே கார்டு கலருதான். இப்ப மிச்சம் இருக்கறது நெத்தியில குங்குமப் பொட்டு ஒண்ணுதான், கடுகு அளவுக்கு. அதுவும் போயிட்டா அவ அந்தத் தொப்பிக்காரிகள்ல ஒருத்தி. அதுக்கப்புறம் தோளு குலுங்காது, ரேசன் மிசினு எத்தன தரம் வச்சாலும் ஒத்துக்காது. இது மாஸ்டருக்கு யாரும் சொல்லல. தெனம் காலையில பாக்கறவருக்குச் சொல்லணுமா?

"ஒரு வாய் டீ உள்ள போச்சுன்னா கலரு நிக்கும் மேடம். தாகத்துலதான் எறங்குது. அது எனக்குத் தெரியும்"ன்னாரு.

"நீங்க ஒண்ணும் பண்ணிப் பாக்கலியா?"

பண்ணாம என்ன. தெனம் மொத டீயைப் போட்டு பிரேமுக்கு முன்னால வச்சாரு, ஆடை கட்டி ஆறிப் போச்சு. டம்ளரைக் கண்ணாடியில சாச்சு ஊத்திப் பாத்தாரு, மூணாம் நம்பர் கார்டுல ஹில்டாம்மா நாயி நனைஞ்சுது, சிட்டம்மா நனையல. சுவத்துல செங்கல் வச்சு அடைச்ச பழைய ஜன்னல் ஒண்ணு இருக்கு. அது இல்டா ரூமோட பின் ஜன்னல், அதைத் தொறந்தா உள்ள போயிரலாம்னு யாரோ சொல்ல, கொத்தனாரைக் கூட்டி இடிச்சுப் பாத்தாரு. அந்தப் பக்கம் பஸ் ஸ்டாண்டு கக்கூஸ். உள்ள இருந்த கண்டக்டரு பயந்து போயி லுங்கியோட ஓடினதுதான் கண்ட பலன். ஜன்னலை மறுபடி அடைக்க மனசு வராம, ஒரு பலகையச் சாத்தி வச்சிருந்தாரு.

பார்கவி எந்திரிச்சு, பையில இருந்து பெரிய லென்ஸ் ஒண்ணை எடுத்து பிரேம் மேல வச்சாங்க. மொதல்ல சிட்டம்மாவைப் பாத்தாங்க. அப்புறம் பேரரு. அப்புறம் பேரருக்குப் பின்னால சுவத்துல சுண்டுவெரல் நகம் சைசுக்கு ஒரு பலகை. ஊரே புள்ளின்னு நெனச்ச எழுத்து.

"மாஸ்டர், இதுல என்ன எழுதியிருக்குன்னு யாராவது படிச்சாங்களா?"

"எழுதியிருக்கா?"

பார்கவி இங்கிலீசுல முணுமுணுன்னு படிச்சுட்டு, தமிழ்ல சொன்னாங்க. "வேலைக்காரங்களுக்கும் கூலிகளுக்கும் பின் ஜன்னல்ல மட்டும்தான் டீ குடுக்கணும். உள்ள வச்சு பரிமாறுற பேரருக்கு அன்னைக்கே வேலை போயிடும்."

அதுக்குள்ள பத்து மணி ஆகி, லயத்துப் பொம்பளைங்க எறங்கி வந்துட்டாங்க. மேடம் படிச்சது அவங்க காதுலயும் விழுந்துச்சு. மாஸ்டர் பேரரைப் பாத்தாரு. இத்தன மாசமா அவனை மனசுக்குள்ள வையாத வார்த்தை இல்ல. இப்பத்தான் அவன் கண்ணு சரியாத் தெரிஞ்சுது. அவன் போட்டோக்காரனைப் பாக்கல, அவ பக்கம் திரும்பிருவோமோன்னு பயந்துக்கிட்டு நேராப் பாத்திருக்கான். அவனுக்கும் எங்கியோ ஒரு லயத்துல புள்ள குட்டி இருந்திருக்கும்.

தங்கப்பொண்ணுதான் மொதல்ல வாயத் தொறந்தா. "அப்ப பின் ஜன்னலுக்கு வந்தா குடுப்பான்ல? அண்ணே, அவள எந்திரிச்சு வரச் சொல்லுங்க! நீங்கதான ஒக்காரச் சொன்னீங்க, நீங்க சொன்னா எந்திரிப்பா. நின்னு குடிக்கறது நமக்கென்ன புதுசா?"

"ஏன்டி, ஒனக்கு அறிவிருக்கா?"ன்னா இருளாயி. எழுபது வயசு, வரிசையில அவதான் மூத்தவ. "முப்பத்தி மூணு வருசம் நின்னவடி. ஆயுசுக்கு ஒருதரம் ஒக்காந்திருக்கா. அவள எழுப்ப ஒனக்கு எப்படி வாயி வருது?"

"பொட்டு போச்சுன்னா அவளே போயிருவா. உசுரு பெருசா, நாற்காலி பெருசா?"

"இங்க உசுரோட நின்னப்ப எவன் போட்டான் அவளுக்கு நாற்காலி?"

அப்படிக் கேட்டுட்டு இருளாயி யாரையும் பாக்கல. ஆனா எல்லாரும் மாஸ்டரைப் பாத்தாங்க. பார்கவி லென்ஸை எறக்கிட்டாங்க. "பொட்டு ரொம்பச் சின்னதாயிடுச்சு, மாஸ்டர். நான் வந்தப்ப இருந்ததை விட."

மாஸ்டர் கையைத் துண்டுல தொடச்சுக்கிட்டு பிரேமுக்கு முன்னால போயி நின்னாரு. கீழ ரப்பர் செருப்பு கெடந்துச்சு. தெனம் காலையில தூசி தட்டி, ஜோடி மாறாம வைக்கறது அவருதான். எந்திரிச்சு வான்னு சொன்னா வந்துருவா, அது சத்தியம். பின் ஜன்னல்ல நின்னு, தகர டம்ளர்ல வாங்கி, ஊதிக் குடிச்சு, கலரு திரும்பி, நாளைக்குப் பத்து மணிக்கு இதே சுவத்தோரத்துல நிப்பா. இவரும் எப்பவாவது திரும்பிப் பாத்து ஒரு டம்ளரை நீட்டுவாரு. அது அவருக்கு வேணும். அது எவ்வளவு வேணும்னு அவருக்குத்தான் தெரியும். 'எந்திரி'ங்கற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்னுச்சு.

ஜன்னலைப் பாத்து ஒக்காந்திருந்த அவ முதுகு இன்னும் நாற்காலியில சாயல. எவனாவது வந்து எழுப்பிருவான்னு, நுனியிலயே ஒக்காந்திருந்தா. ஏழு மாசமா தெனம் பாத்தும் அது அவரு கண்ணுல இன்னைக்குத்தான் பட்டுச்சு.

"சிட்டு"ன்னாரு. கண்ணாடிக்குக் கிட்டப் போயி மறுபடி சொன்னாரு. "சிட்டு. எந்திரிக்காத. நல்லா சாஞ்சு ஒக்காரு. நான் பாத்துக்கறேன்."

"என்னண்ணே பாத்துக்குவீங்க?" தங்கப்பொண்ணு அழுதுட்டா. "என்னத்தப் பாத்துக்குவீங்க?"

"தெரியலம்மா"ன்னாரு மாஸ்டர்.

உண்மையிலயே தெரியல. பஸ் ஒண்ணு ஆரன் அடிச்சுக்கிட்டு மேடேறி வந்துச்சு. டீ போடறதைத் தவிர வேற ஒண்ணும் தெரியாத மனுசன் திரும்பிப் போயி டீ போட்டாரு. பாலு பொங்கி எறங்குச்சு, டிகாசன் எறங்குச்சு, "மாஸ்டர் நாலு டீ", "மாஸ்டர் ஒரு லைட்டு", "மாஸ்டர் ரெண்டு ஸ்ட்ராங்கு"ன்னு தெனமும் கேக்கற கொரலுங்க. "தா வந்துட்டேன், தா வந்துட்டேன்"ன்னு அவரு வாயி பதில் சொல்லிக்கிட்டே இருந்துச்சு, கை இழுத்துக்கிட்டே இருந்துச்சு, கண்ணு மட்டும் நனைஞ்சு எதுவும் தெரியாம இருந்துச்சு.

அப்பத்தான் பின்னால பீங்கான் சத்தம். சாசர் மேல கப்பு ஒக்கார்ற மாதிரி, டிங்குன்னு ஒண்ணு. கடையில இருக்கறது அத்தனையும் கண்ணாடி டம்ளரு, பீங்கான் ஒண்ணு கூட கெடையாது.

"மாஸ்டர்…" பார்கவி லென்ஸை மறுபடி பிரேம் மேல வச்சாங்க. "கப்பை நிமித்தி வச்சிருக்காங்க."

கடை கப்சிப்புன்னு ஆச்சு. ஆரன் அடிச்ச பஸ்ஸும் என்ஜினை நிப்பாட்டிருச்சு. அந்த அமைதிக்குள்ள, சுவத்துப் பக்கமிருந்து, பழக்கமில்லாத ஒரு கொரலு. ஆளு பழக்கம்தான், இப்படிக் கூப்புட்டுத்தான் பழக்கமில்ல. மூணு வார்த்தை. கடைக்கு வர்ற எல்லாரும் எத்தனையோ வருசமாச் சொல்றது, அவ மட்டும் ஒருநாளும் சொல்லாதது.

"மாஸ்டர், ஒரு டீ!"

வேலாண்டி இழுத்துக்கிட்டிருந்த டீயைப் பலகை மேல வச்சாரு. அப்புறம் இருக்கறதுலயே நல்ல டம்ளராப் பாத்து வெந்நியில ரெண்டு தரம் அலம்பி, அவளுக்குப் புடிச்ச மாதிரி சக்கரையக் கொறைச்சு, இஞ்சி தட்டிப் போட்டு, ஒசர இழுத்து நொரை கட்டவிட்டாரு. தோள்ல கெடந்த துண்டை எடுத்து இடுப்புல பட்டை மாதிரி கட்டிக்கிட்டாரு. உள்ள அந்தப் பலகை இருக்கு, அந்த பேரர் இருக்கான், ஹில்டாம்மா இருக்கு, அவளுக்குக் கொண்டு போறவனை என்ன செய்வாங்கன்னும் எழுதியிருக்கு. அதெல்லாம் அவருக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சு. திரும்பி வர வழி மட்டும் தெரியல, அதை யாரும் எழுதி வைக்கல.

"அண்ணே, எங்கண்ணே?"ன்னா தங்கப்பொண்ணு.

"ஒக்காந்திருக்காம்மா, கேக்குறா." செருப்பைக் கழட்டி, சுவத்தோரத்துல இருந்த ஜோடிக்குப் பக்கத்துல விட்டாரு. "மேடம், பாலு பொங்கிரும், அடுப்பைக் கொஞ்சம் பாத்துக்குங்க. டீ ஆறிடும்."

"தா வந்துட்டேன்"னு சுவத்தைப் பாத்துச் சொல்லிக்கிட்டே, டம்ளரைத் தளும்ப விடாமப் புடிச்சுக்கிட்டு நாலாம் நம்பர் கார்டுக்குள்ள போனாரு.